சத்தம் குறையும்வரை

ஜூன் 4, செவ்வாய்

இந்த டைரி என் வீட்டுக்காரருடையது. புத்தாண்டுக்கு அலுவலகத்தில் கொடுத்தது. ஐந்து மாதமாக ஒரு எழுத்து எழுதாமல் அலமாரியில் கிடந்தது. ஐசியூ நர்ஸ் எமெல்டா சிஸ்டர் சொன்னதால் எடுத்தேன்.

"சார் மயக்கத்துலதான் இருக்காரு. ஆனா காது கேக்கும்மா. அவருக்குப் பிடிச்ச பாட்டாப் போடுங்க. என்ன பாட்டு, எத்தனை மணி, கண்ணு கை ஏதாச்சும் அசைஞ்சுதான்னு எழுதி வைங்க. டாக்டர் கேப்பாரு."

பிடித்த பாட்டுக்கா பஞ்சம் இந்த மனுஷருக்கு! எண்பதுகளில் வந்த பாட்டுப் படங்கள் என்றால் உயிர். கதை எப்படியிருந்தாலும் பரவாயில்லை, படத்தில் பத்துப் பாட்டாவது இருக்க வேண்டும், கதாநாயகன் பாடகனாகவோ தபேலாக்காரனாகவோ இருக்க வேண்டும். அதற்கென்றே வாட்ஸப்பில் ஒரு குழு நடத்துகிறார், இருநூற்றுப் பன்னிரண்டு பேர். வருஷா வருஷம் முதல் பத்துப் படம் என்று பட்டியல் போடுவார். எது ஐந்தாவது, எது ஆறாவது என்று ஒரு வாரம் அடித்துக்கொள்வார்கள். கடைசியில் ஞானசேகர் சார், அதாவது இவர், சொன்னால் தீர்ப்பு. இந்த வருஷப் பட்டியலை அவர்களே எனக்கு அனுப்பி, 'அக்கா, இதைப் போடுங்க, சார் எழுந்து உட்காருவார்' என்று எழுதியிருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் டிவியில் 'மேடை எண் ஏழு' ஓடிக்கொண்டிருந்தபோதுதான் விழுந்தார். அதுதான் எல்லா வருஷமும் முதலிடம். நான் குளியலறையில் இருந்தேன். கீழ்வீட்டு ஜெசிந்தா டீச்சர் வந்து காலிங் பெல்லை விடாமல் அழுத்தியதால் வெளியே வந்து பார்த்தேன். மூளையில் ரத்தக் கசிவாம். சனிக்கிழமை ஆபரேஷன் முடிந்தது.

"விழுந்து எவ்வளவு நேரத்துல கூட்டிட்டு வந்தீங்க?" என்று டாக்டர் கேட்டார். "உடனே சார்" என்றேன்.

பயமாக இருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் எல்லாம் தைரியமாக இரு என்கிறார்கள். எதற்குப் பயப்படுகிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. புருஷன் படுத்துக் கிடந்தால் பெண்டாட்டிக்கு வேறென்ன பயம் இருக்கப்போகிறது?

ஜூன் 5, புதன்

காலை பத்தேகால். 'கடற்கரைக் கச்சேரி', படகுப் பாட்டு. அசைவு இல்லை.

மாலை ஐந்து. அதே படம், மீனவர் குப்பத்துப் பாட்டு. அசைவு இல்லை.

கேஸ் புக் செய்தேன். பால்காரரிடம் பாதிப் பால் போதும் என்றேன். கரூரிலிருந்து சௌந்தரம் அண்ணி வந்துவிட்டார். அவருடைய அக்கா. அம்மா போன பிறகு தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். வந்ததும் என்னைக் கட்டிக்கொண்டு, "என் தம்பியக் கண்ணுக்குள்ள வெச்சுப் பாத்தியே இந்திராணி" என்று அழுதார். நானும் அழுதேன்.

ஜூன் 6, வியாழன்

'தபேலா தங்கராசு', மூன்றாவது பாட்டு. இந்தப் படத்தை நான் உட்கார்ந்து முழுசாகப் பார்த்ததில்லை. ஆனால் மூன்றாவது பாட்டு தலைகீழாகத் தெரியும். குளியலறைக்குள் நன்றாகவே கேட்கும்.

காலை பத்து இருபதுக்கு இடது கை ஆள்காட்டி விரல் அசைந்தது. வெறுமனே இல்லை, தாளம் போட்டது. நான்தான் சரியாகப் பார்க்கவில்லையோ என்று குனிந்து பார்த்தேன். மறுபடியும் தட்டியது. எமெல்டா சிஸ்டர் கைதட்டிக் குதிக்காத குறை. "பாத்தீங்களாம்மா! நான் சொன்னேன்ல!"

பாட்டு முடியும் முன்பே ஹெட்போனைக் கழற்றிவிட்டேன். சந்தோஷத்தில் கழற்றியிருப்பேன்.

ஜூன் 7, வெள்ளி

போனில் சார்ஜ் இல்லை. பாட்டு போடவில்லை.

ஜூன் 8, சனி

போனில் சார்ஜ் இருந்தது. ஹெட்போனை மாட்டினேன். பாட்டைத் தொட மறந்துவிட்டேன் போல. கால்மணி நேரம் முடிந்து கழற்றும்போதுதான் கவனித்தேன்.

"இன்னிக்கு என்ன பாட்டும்மா?" என்றார் சிஸ்டர்.

"மெட்டுக்காரி."

"அசைஞ்சாரா?"

"இல்ல சிஸ்டர்."

பாவம், முகம் வாடிப்போய்விட்டது அந்தப் பெண்ணுக்கு. சாயங்காலமும் மறந்துவிட்டேன்.

ஜூன் 9, ஞாயிறு

எட்டு மணி நேரம் தூங்கினேன். எழுந்து நாலு இட்லி சாப்பிட்டேன், கூட இரண்டு போட்டுக்கொண்டேன். அடியே இந்திராணி, நீயெல்லாம் ஒரு மனுஷியா? அங்கே மூக்கில் குழாயோடு கிடக்கிறார், உனக்கு இட்லி கேட்கிறது.

புனேயிலிருந்து மகள் தர்ஷினி பேசினாள்.

"அம்மா, அப்பாவுக்குப் பாட்டு போடுறியாமே? அத்தை சொன்னாங்க."

"ஆமாடி. சிஸ்டர் சொல்லியிருக்காங்க."

"போடாதம்மா."

போனோடு எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினேன்.

"இப்பவும் எங்கயாச்சும் அந்தப் படங்களோட பாட்டு கேட்டா எனக்கு உள்ளங்கை வேர்த்துரும். போன மாசம் கல்யாண வீட்ல போட்டாங்க, சாப்பாட்டுப் பந்தியிலேருந்து எழுந்து ஓடிட்டேன். என் வீட்டுக்காரர்கிட்ட சொல்லவும் முடியல, என்ன ஏதுன்னு கேக்கறாரு." பிறகு மெதுவாகக் கேட்டாள். "அப்பா எழுந்து வந்துட்டா நீ என்னம்மா பண்ணுவ?"

"அப்படியெல்லாம் பேசக்கூடாது" என்று சொல்லி வைத்துவிட்டேன். நல்ல கேள்விதான் கேட்டாள். ஒன்பது நாளாக நான் வேறு எதையும் யோசிக்கவில்லை.

ஜூன் 10, திங்கள்

எழுதித் தொலைக்கிறேன். யார் படிக்கப்போகிறார்கள்?

அவருக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டார். முதலில் ரிமோட்டை எடுப்பார். டிவியில் பாட்டுச் சத்தம் ஏறும். கீழ்வீட்டுக்குக் கேட்கும் அளவுக்கு ஏறும். ரசிகர் வீடு அல்லவா, யாரும் ஒன்றும் சொல்வதில்லை. சத்தம் ஏற ஆரம்பித்ததும் ஓடிப்போய்க் குளியலறையில் நுழைந்து தாழ்ப்பாள் போட்டுவிட்டால் தப்பித்தேன். தர்ஷினி சின்னவளாக இருந்தபோது அவளையும் இழுத்துக்கொண்டு ஓடுவேன். சத்தம் குறைந்தால் கோபம் போய்விட்டது என்று அர்த்தம், வெளியே வரலாம். குறையாமல் வெளியே வரக்கூடாது. ஒரே ஒரு தடவை வந்து பட்டிருக்கிறேன்.

ஓடமுடியாமல் மாட்டிக்கொண்டால் ஒரு பாட்டு. பாட்டு முடிந்தால் அவரும் நிறுத்திவிடுவார். அதில் நியாயஸ்தர்.

அதனால் எனக்கும் ஒரு பட்டியல் உண்டு. வாட்ஸப் குழுவில் கேட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். எனக்கு முதலிடம் 'தபேலா தங்கராசு'. மூன்றாவது பாட்டு இரண்டே முக்கால் நிமிஷம்தான். அதற்கு இசையமைத்த மகராசன் நன்றாயிருக்கட்டும். 'கடற்கரைக் கச்சேரி' இரண்டாமிடம், எதுவும் நாலு நிமிஷத்தைத் தாண்டாது. 'மெட்டுக்காரி'யில் எல்லாப் பாட்டிலும் நடுவே இரண்டு நிமிஷம் வயலின் வாசித்துத் தள்ளுவார்கள், ஆகவே ஆகாது. கடைசி இடம் 'ஏழாவது சுரம்'. கிளைமாக்ஸ் பாட்டு ஒன்பது நிமிஷம். கதாநாயகன் மழையில் பாடிப் பாடி அம்மன் கோவில் விளக்கை அணையாமல் காப்பாற்றுவான். எல்லோரும் கண்ணீர் விடுகிற கட்டம். எனக்கு இடது காது அதில்தான் போனது.

ஆஸ்பத்திரியில் இன்றும் பாட்டு போடவில்லை. மறக்கவும் இல்லை.

ஜூன் 11, செவ்வாய்

எழுதியது எழுதியாயிற்று, மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

அந்த வெள்ளிக்கிழமை சாம்பாரில் உப்புக் கம்மி. ரிமோட்டை எடுத்தார். 'மேடை எண் ஏழு' சத்தம் ஏறியது. நான் ஓடித் தாழ்ப்பாள் போட்டேன். முதல் பாட்டு முடிந்தது, சத்தம் குறையவில்லை. வசனம், பிறகு இரண்டாவது பாட்டு. குறையவில்லை. இன்றைக்குக் கோபம் அதிகம் என்று நினைத்துக்கொண்டு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது. நாலாவது. வீட்டில் பெல் அடிக்கும்வரை உள்ளேயே இருந்தேன். வந்து பார்த்தால் டிவி முன்னால் தரையில் கிடக்கிறார், ரிமோட் எட்டாத தூரத்தில் சோபாவுக்கு அடியில் கிடக்கிறது. சத்தத்தைக் குறைக்க ஆள் ஏது?

நாற்பது நிமிஷம். டாக்டரிடம் உடனே என்று சொன்னேன். ஒருவேளை பத்து நிமிஷத்தில் கொண்டுபோயிருந்தால்? கொன்றுவிட்டேனா நான்? அல்லது கொல்லாமல் விட்டுவிட்டேனா? எது அதிகப் பயமாக இருக்கிறது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஜூன் 12, புதன்

அண்ணிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "ஏன் ஒரு வாரமா அசையவே இல்ல? குடு, நான் போடுறேன்" என்று போனைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனார். ஹெட்போன் எல்லாம் அவருக்குத் தெரியாது. காதோரம் போனை வைத்து 'மேடை எண் ஏழு' முதல் பாட்டைச் சத்தமாகப் போட்டிருக்கிறார்.

பத்து நிமிஷத்தில் அழுதுகொண்டே வெளியே ஓடிவந்தார். "முழிச்சுட்டான்! என் சாமி முழிச்சுட்டான்! இந்திராணி, போய்ப் பாரு!"

நான் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். சிஸ்டர் தோளைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். கண் திறந்திருந்தது. கூரையைப் பார்த்தது, சிஸ்டரைப் பார்த்தது, பிறகு என்னிடம் வந்தது. அதற்குப் பிறகு வேறெங்கும் போகவில்லை.

ஜூன் 15, சனி

வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். வலது பக்கம் வராது, பேச்சு குழறுகிறது. ஆனால் வார்டே அவர் கையில். ஊசி போடும் பெண்ணுக்கு "தேங்க்ஸ்மா". பக்கத்துக் கட்டில் பெரியவருக்கு ஒரு மெட்டு முனகிக் காட்டுகிறார். வாட்ஸப் குழுவிலிருந்து ஆறு பேர் வந்து கட்டிலைச் சுற்றி நின்று 'கடற்கரைக் கச்சேரி' படகுப் பாட்டைப் பாடினார்கள். இடது கையால் தாளம் போட்டார். அழுதுவிட்டார்கள்.

எல்லோரும் போன பிறகு என்னைக் கிட்டே வரும்படி தலையசைத்தார். தண்ணீர் கேட்கிறாரோ என்று குனிந்தேன். இடது கை என் மணிக்கட்டைப் பிடித்தது. படுத்துக் கிடந்த ஆளுக்கு எங்கிருந்து இவ்வளவு பலம்!

"நாலு... பாட்டு" என்றார்.

எனக்கு உயிரே போய்விட்டது. விழுந்து கிடந்தபோது மயக்கம் இல்லை. எண்ணிக்கொண்டு கிடந்திருக்கிறார்.

"வீட்டுக்கு... வரேன்... இரு" என்றார். பிடியை விட்டார். அண்ணி ஃபிளாஸ்க்கோடு உள்ளே வந்தார், இவர் அக்காவைப் பார்த்துக் குழந்தை மாதிரிச் சிரித்தார்.

ஜூன் 17, திங்கள்

வியாழக்கிழமை டிஸ்சார்ஜ். பிசியோதெரபிஸ்ட் இடது கையில் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொல்கிறார். "சூப்பர் சார்! இன்னும் நல்லா!" என்று உற்சாகப்படுத்துகிறார். நான் சுவரோரம் நின்று பார்த்தேன்.

அண்ணி வீட்டை ஒழுங்கு பண்ணிவிட்டார். ஹாலில் டிவிக்கு எதிரே கட்டில். குளியலறைக் கதவில் தாழ்ப்பாளைக் கழற்றச் சொல்லி ஆசாரியை வரவழைத்துவிட்டார். உள்ளே வழுக்கி விழுந்தால் திறக்க முடியாமல் போய்விடுமாம். நல்ல யோசனைதான். ஆசாரி ஸ்க்ரூ கழற்றுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். தடுக்க என்ன காரணம் சொல்ல முடியும்?

வாட்ஸப் குழு அன்பளிப்பாகப் புது ஸ்பீக்கர் வாங்கி அனுப்பியிருக்கிறது. இடுப்பு உயரம் இருக்கிறது.

ஜூன் 18, செவ்வாய்

மாடிப்படியில் ஜெசிந்தா டீச்சரைப் பார்த்தேன். ரிட்டயரானவர், தனி ஆள், பதினொரு வருஷமாகக் கீழ்வீடு. குனிந்து போகப் பார்த்தேன், விடவில்லை. என் மணிக்கட்டைப் பார்த்தார். நாலு விரல் தடமும் கன்றிக் கிடந்தது. முந்தானையை இழுத்து மூடினேன்.

"வியாழக்கிழமை நானும் ஆஸ்பத்திரிக்கு வரேன் இந்திராணி" என்றார்.

"எதுக்கு டீச்சர் உங்களுக்குச் சிரமம்?"

"வரேன்."

இது வேறு புதுப் பயம். அன்றைக்குச் சத்தம் எவ்வளவு நேரம் இருந்தது என்று தெரிந்த ஆள், அவரைத் தவிர, இவர் ஒருவர்தான். உடனே கூட்டிக்கொண்டு வந்தோம் என்று நான் சொன்னது பொய் என்று டாக்டரிடம் சொன்னால்? ஊரே காறித் துப்பாதா? ஏன் வெளியே வரவில்லை என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்?

ஜூன் 19, புதன்

தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நாலு ஓட்டை. குளிக்கவில்லை.

ஜூன் 20, வியாழன்

டாக்டர் அறையில் நான், அண்ணி, ஜெசிந்தா டீச்சர் மூவரும் உட்கார்ந்தோம். அவரைச் சக்கர நாற்காலியில் வெளியே வராந்தாவில் வைத்திருந்தார்கள். கதவு திறந்தே இருந்தது. அவர் முனகுகிற மெட்டு உள்ளே கேட்டது.

மாத்திரை, பயிற்சி, சாப்பாடு எல்லாம் சொல்லிவிட்டு டாக்டர் ஒரு தாளை நகர்த்தினார். "வீட்ல இவரைப் பாத்துக்கப் போறது யாரு? அவங்க இதுல கையெழுத்துப் போடணும்."

"இவதான் சார்" என்றார் அண்ணி. "முப்பது வருஷமா இவதான்."

பேனாவை எடுத்தேன். தாளில் வைக்கவில்லை. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, என் வாய்தான் பேசியது.

"நான் கூட்டிட்டுப் போகமாட்டேன் சார். என்னை அடிப்பாரு."

வராந்தாவில் முனகல் நின்றது.

"என்னடி உளர்ற?" அண்ணி எழுந்தே விட்டார். "ஒரு பக்கம் விழுந்து கெடக்குற மனுஷன் மேல பழி போடுறியா? எங்க சேகரு ஈ எறும்புக்குக்கூடத் துரோகம் பண்ணமாட்டான். பாக்க முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லு!"

எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம் வந்தது. இவ்வளவு வருஷம் எங்கே போயிருந்ததோ அந்த ஆத்திரம். "ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை ஏத்திட்டுத்தான் அடிப்பாரு. ஒரு பாட்டு முடியறவரைக்கும் அடிப்பாரு. இந்தக் காது கேக்காது எனக்கு. அன்னிக்கும் சத்தம் ஏறுச்சு, நான் பாத்ரூம்ல ஒளிஞ்சுக்கிட்டேன். அவரு விழுந்தது எனக்குத் தெரியாது. நாப்பது நிமிஷம் நான் வெளிய வரல சார். உடனே கூட்டிட்டு வந்தோம்னு உங்ககிட்ட சொன்னது பொய்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"பொய்! அம்புட்டும் பொய்!" அண்ணி டீச்சர் பக்கம் திரும்பினார். "நீங்க கீழ்வீடுதானே? படிச்சவங்க. சொல்லுங்க. பாட்டுச் சத்தத்தைத் தவிர வேற ஏதாச்சும் என்னிக்காச்சும் கேட்டிருக்கீங்களா?"

டீச்சர் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் பயம்.

"கேட்டதில்லை" என்றார். "கேக்கக் கூடாதுன்னு நானும் என் டிவிய சத்தமா வெச்சுக்குவேன். பதினோரு வருஷமா." டாக்டர் பக்கம் திரும்பினார். "எப்பவும் ஒரு பாட்டோட முடிஞ்சிரும் டாக்டர். அப்புறம் டிவியக் கொறச்சுட்டுக் கேப்பேன், மேல பைப்புல தண்ணி ஓடும், இந்தப் பொண்ணு மூஞ்சி கழுவும். அதைக் கேட்டப்புறம்தான் நான் சாப்பிடவே உக்காருவேன். அன்னிக்கு நாலு பாட்டாச்சு, தண்ணிச் சத்தமே கேக்கல. இவளைக் கொன்னுட்டான்னு நெனச்சுத்தான் நான் மேல ஓடினேன்."

வராந்தாவில் சக்கர நாற்காலி லேசாகக் கிறீச்சிட்டது. இடது கையால் அவரே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு கதவு வரைக்கும் வந்துவிட்டார். அண்ணியைப் பார்த்துக் குழந்தை மாதிரிச் சிரித்தார். "அக்கா... வீட்டுக்கு..." என்றார்.

டாக்டர் என் கையிலிருந்து பேனாவை வாங்கி, தாளோடு சேர்த்து அண்ணி பக்கம் வைத்தார்.

அண்ணி அதைத் தொடவில்லை. தம்பியின் முகத்தைப் பார்த்தார். பிறகு கண் கீழே இறங்கி, நாற்காலிச் சக்கரத்தைப் பிடித்திருந்த அந்த இடது கையிலேயே நின்றது.

"சார்" என்றார். "எங்க வீட்ல நானும் என் மருமகளும் மட்டும்தான் இருக்கோம்."